கண்ணுக்கென்று ஒரு நாள்

அந்தச் சட்டையை நான் போட்டிருக்கக் கூடாது. கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. காலர் நைந்ததும் பிரித்துத் திருப்பித் தைத்திருந்தார்கள். இறந்துபோன ஒரு தையல்காரரின் சட்டை அது. அவருடைய இரண்டு மகள்களுக்கு முன்னால் அதை மாட்டிக்கொண்டு ஆறு நாள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. யாரிடமாவது சொல்லித் தொலைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

நான் படங்களுக்கு பிரேம் போடுகிறவன். கட்டடத்தின் கீழே, தெருவைப் பார்த்த முதல் கதவு என் கடை. உள்ளே வந்தால் மரத்தூளும் பசை வாசனையும் மூக்கில் ஏறும். மூன்றாவது மாடியில் அந்தத் தையல்காரரின் சின்ன மகள் இருந்தாள். முகம் வரைகிறவள். கட்டடத்தில் குடியிருக்கும் நம் ஆட்கள் அவளுக்கு மூஞ்சிக்காரம்மா என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். "மூஞ்சிய வச்சுத்தானே அண்ணே பொழைக்கிறேன், சொல்லிட்டுப் போகட்டும்" என்பாள்.

இருபத்தாறு வயதில் ஒற்றைப் பையோடு இந்த ஊருக்கு வந்தவள். முதலில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சப் வேலை. ஊரார் முகத்துப் பருவையும் தழும்பையும் காணாமல் அடிக்கிற வேலை அது. பிறகு ரயில் நிலைய வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு முகம். குளிர்காலத்தில் விரல் விறைத்துக் கரித்துண்டு நழுவும். டீ வாங்கி, குடிக்காமல் அந்த கிளாஸைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். ஒரு மழைக்கு என் கடையில் ஒதுங்கியவளை நான்தான் மாடி வீட்டுக்காரரிடம் சொல்லிக் குடி வைத்தேன். நடுவில் ஒரு கல்யாணம் ஆகி, ஆன மாதிரியே தெரியாமல் முடிந்தும் போனது. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள், நானும் கேட்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியையை வரைந்தாள். அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டு ஒரு நீதிபதி வந்தார். நீதிபதியைப் பார்த்து டாக்டர் வந்தார். சுவரில் தொங்க ஆசைப்பட்ட பெரிய மனுஷர்கள் ஒவ்வொருவராக மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் மரப்படியில் ஏறினார்கள். அவர்கள் இறங்கிப் போன பிறகு, படத்தைத் தூக்கிக்கொண்டு அவள் கீழே வருவாள். நான் பிரேம் போடுவேன். இருபது வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு முகத்துக்கு ஆறு சிட்டிங் என்பது அவள் வழக்கம். முதல் நாள் தலையும் தோளும் எங்கே நிற்கிறது என்று கோடு. அப்புறம் நிழல், மூக்கு, வாய், கை என்று ஒவ்வொரு நாளாகப் போகும். ஆறாவது நாள் முழுக்கக் கண்ணுக்கு. அதுவரை கண் இருக்க வேண்டிய இடம் மண் நிறத்தில் மொழுகிக் கிடக்கும். பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். ஏன் கடைசியில் என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல்லயே கண்ணப் போட்டுட்டா அது என்னையே பாத்துக்கிட்டிருக்கும் அண்ணே. அப்புறம் மூக்கு கோணலா வந்தாக்கூட அழிக்க மனசு வராது" என்றாள்.

போன வருஷம் ஒரு கப்பல் முதலாளி வந்தார். அவருடைய அலுவலக வாசலில் வைப்பதற்கு ஆளுயரப் படம். அவள் அதுவரை வரைந்ததிலேயே பெரியது, நான் அதுவரை போட்டதிலேயே பெரிய பிரேம். ஐந்து சிட்டிங் முடிந்திருந்தது. நான் மாடியில் தரையில் குந்தி டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. ஊரிலிருந்து அவள் அக்கா. அப்பாவுக்கு டாக்டர் கையை விரித்துவிட்டார், உடனே கிளம்பி வா என்று.

அவள் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்ன அண்ணே பண்றது? வியாழக்கிழமை அவரோட கடைசி சிட்டிங். அப்புறம் அவரு வைத்தியத்துக்கு வெளிநாடு போறாரு, எப்ப வருவாருன்னே தெரியாது."

என் நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது. "இன்னும் ஒரே ஒரு நாள்தானே. கண்ணு ஒண்ணுதான் பாக்கி. முடிச்சிட்டு ஒரேயடியா கிளம்பு. வயசானவங்க படுக்கிறதும் எந்திரிக்கிறதும் சகஜந்தான்" என்றேன். உண்மையைச் சொன்னால், பிரேமுக்கு நான் மரத்தை அறுத்து வைத்திருந்தேன். அதுதான் அந்த நேரத்தில் என் மனசில் இருந்தது.

அவள் போனில், "டிக்கெட் கிடைக்கலக்கா. அடுத்த வாரம் வந்துடறேன்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "அக்கா, அப்பாவ ஒரு போட்டோ எடுத்து வையேன். ஜன்னலத் திறந்து விட்டுட்டு, வெளிச்சம் இடது பக்கமா விழுற மாதிரி..." என்றாள்.

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். இருபது வருஷமாக முகத்தைப் பார்த்ததும் வெளிச்சத்தைத் தேடிப் பழகியவளுக்கு, சாகக் கிடக்கிற அப்பா என்றாலும் அதுதான் முதலில் வாயில் வந்தது. என்ன கேட்டோம் என்பது போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை முதலாளிக்குச் சளி. சனிக்கிழமை என்றார். சனிக்கிழமை ஏதோ விருந்தாளி, செவ்வாய்க்கிழமை என்றார். திங்கட்கிழமை அப்பா போய்விட்டார். செவ்வாய்க்கிழமை முதலாளி வந்தார். அவள் கண்ணைப் போட்டாள். அந்தக் கண்ணை எல்லாரும் அப்படிப் புகழ்ந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்று, "கடைசி வரைக்கும் என் பேரையேதான் சொல்லிக்கிட்டிருந்தாராம் அண்ணே. அக்கா சொன்னா" என்றாள். அப்படியே மாடிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் எட்டு மாதம் புதிதாக ஒரு முகம் அவள் எடுக்கவில்லை. நான் சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் வைத்தபடியே இருக்கும். நானும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு திறப்பது?

மழைக் காலம் தொடங்கியதும் அக்கா வருவதாகக் கடிதம் வந்தது. மூன்று வாரம் தங்குகிறாளாம். நான்தான் போய் அழைத்து வந்தேன். குட்டையான, அகலமான உடம்பு, கையில் ஒரு பை. எங்கே நின்றாலும் தன் இடம்போல நிற்கிறவள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இந்த பேண்ட்ட யாரு மடிச்சுத் தச்சது? ஒரு காலு நீளம், ஒரு காலு குட்டை" என்பதுதான். மறுநாளே அதை வாங்கிப் பிரித்து, கையாலேயே தைத்துக் கொடுத்தாள். அப்பாவின் கடையில் அவருக்கு எதிர் மெஷினில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள்.

வந்த மூன்று நாளில் வீடு மாறிவிட்டது. ஜன்னல் திரைகளைத் தைத்தாள். வர்ணக் கறை படிந்த துணிகளை ஊற வைத்தாள். அடுப்படியில் தங்கையை விடவே இல்லை. வெளியே ஓயாமல் மழை. அக்காவும் தங்கையும் மழையைப் பேசினார்கள், துணியைப் பேசினார்கள், ஊரில் யார் யாருக்குக் குழந்தை பிறந்தது என்று பேசினார்கள். அப்பா என்ற வார்த்தை மட்டும் அந்த வீட்டில் விழவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சோறும் பருப்பும் வறுத்த உருளைக்கிழங்கும். அக்கா பரிமாறிக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு நீ ஒண்ணு செஞ்சு தரணும்."

"சொல்லுக்கா."

"அப்பாவப் போட்டுத் தா. வீட்ல ஒரு படம் இல்ல. அடையாள அட்டையில இருக்கிறதுல அவருக்கு இருபத்தஞ்சு வயசு. வாய் மேலயே சீல் குத்தி வச்சிருக்கான். மனுஷன் போட்டோன்னா ஓடி ஒளிவாரே, உனக்குத்தான் தெரியுமே."

தங்கை தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "போட்டுத் தரேன்க்கா."

"சும்மா ஒரு படம்னு இல்லடி. அவரு என்னப் பாக்கிற மாதிரி இருக்கணும்."

"எந்தப் படமும் முன்னாடி நிக்கிறவங்களப் பாக்கிற மாதிரிதானே இருக்கும்."

"அது இல்ல." அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னத் தெரிஞ்சு பாக்கணும். நான் யாருன்னு தெரிஞ்சு. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வேற எதுக்கும் இல்ல."

எனக்கும் புரியவில்லை, தங்கைக்கும் புரியவில்லை. கேட்கிற தைரியமும் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

மறுநாள் காலையில் தங்கை என் கடைக்கு இறங்கி வந்தாள். கையெல்லாம் கரி. மரப்பலகை மேல் உட்கார்ந்து ஒரேயடியாக அழுதாள்.

"எனக்கு அப்பா மூஞ்சி வர மாட்டேங்குது அண்ணே. விடிஞ்சதுல இருந்து போட்டுப் போட்டுக் கிழிச்சிட்டேன். யார் யார் மூஞ்சியோ வருது. அந்தக் கப்பல்காரன் மூஞ்சி வருது. இருபத்து மூணு வருஷத்துல ரெண்டே தடவதான் ஊருக்குப் போனேன். ரெண்டு தடவையும் அவரு மெஷின்ல குனிஞ்சே கிடந்தாரு. உச்சந்தலதான் ஞாபகம் இருக்கு."

"அக்காகிட்ட சொல்லு."

"எப்படிச் சொல்றது? ஊர்ல இருக்கிறவன் மூஞ்சியெல்லாம் போட்டவ, பெத்த அப்பன் மூஞ்சி மறந்து போச்சுன்னா சொல்றது?"

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. மாடியில் கிழித்துப் போட்ட காகிதங்களை அக்கா ஏற்கெனவே பெருக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருந்தாள். நாங்கள் ஏறிப் போனதும், "என் மூஞ்சியப் பாத்துப் போடு. எல்லாரும் நான் அப்பா ஜாடைம்பாங்க. வேணுங்கிற எடத்துல நான் திருத்தம் சொல்றேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி என் தோளை அளவெடுக்கிற கண்ணால் பார்த்தாள். "இவருக்கும் வலது தோளு எறங்கித்தான் இருக்கு. அப்பாவுக்கு மெஷின்ல எறங்கிச்சு, இவருக்கு ரம்பத்துல. தோளுக்கு இவர உக்கார வச்சுக்கோ." பையைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்தாள்.

வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் எந்த வாயால் சொல்வது? போகாதே என்று சொன்ன வாய் அல்லவா அது. வாங்கி மாட்டிக்கொண்டேன். எனக்கென்றே தைத்த மாதிரி உட்கார்ந்தது.

இரண்டு நாற்காலி. ஒன்றில் தோளுக்கு நான், ஒன்றில் முகத்துக்கு அக்கா. நடுவில் பலகையில் ஒற்றை மனுஷர் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தார். அக்கா அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து வந்து பார்ப்பாள்.

"மூக்கு என்னோடதுதான். நுனி மட்டும் இன்னும் கொஞ்சம் கீழ எறக்கு. மேலுதட்டுல ஒரு பள்ளம் இருக்கும், நூலக் கடிச்சுக் கடிச்சு. ஆங், அப்படித்தான்."

"அண்ணே, தோளத் தூக்காதீங்க."

"நான் எங்கம்மா தூக்கினேன், மூச்சுத்தான் விட்டேன்."

"மெதுவா விடுங்க."

அக்கா சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். ஐந்து நாள் அப்படிப் போயிற்று. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று முட்டாள்தனமாக நானும் நம்பினேன்.

ஆறாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது. கண்ணுக்கான நாள். படத்தில் மூக்கும் வாயும் பழைய சட்டையுமாக அப்பா உட்கார்ந்திருந்தார். கண் இருக்கிற இடம் மண்ணாக இருந்தது.

"இங்க பாருக்கா. என் கண்ணப் பாரு" என்றாள் தங்கை.

அக்கா பார்த்தாள். தங்கை வரைந்தாள். டர்பன்டைன் துணியால் துடைத்தாள். மறுபடி வரைந்தாள், மறுபடி துடைத்தாள். மூன்றாவது தடவை துடைத்துவிட்டு, "வர மாட்டேங்குதுக்கா. கோவமாவே வருது. இது உன் கோவம்" என்றாள்.

"கோவப்படாம வேற என்ன செய்யச் சொல்றே?"

தெருவில் யாரோ வண்டியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கை பிரஷ்ஷைப் பார்த்தபடியே சொன்னாள்:

"டிக்கெட் இருந்துச்சுக்கா. அன்னிக்கே இருந்துச்சு. ஒரு ஆளோட கண்ணு பாக்கி இருந்துச்சு. அதப் போட்டுட்டு வரலாம்னு நின்னுட்டேன்."

நான் எழப் போனேன். "நான்தாம்மா..."

"அசையாதீங்க அண்ணே." கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, வாய் பழக்கத்தில் அதைச் சொல்கிறது.

"அசைஞ்சா அசைஞ்சிட்டுப் போகட்டும். நான்தான் அவகிட்ட முடிச்சிட்டுப் போன்னு சொன்னேன். பிரேமுக்கு மரம் அறுத்து வச்சிருந்தேன், அதுக்காகச் சொன்னேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றினாள். "அப்படியா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு அவளே பேசினாள். "நானும் ஒண்ணு சொல்லணும். கடைசி வரைக்கும் உன் பேரத்தான் சொன்னாருன்னு போன்ல சொன்னேன்ல. உன்னக் குத்தணும்னுதான் சொன்னேன். பொய் இல்ல. ஆனா முழுசா சொல்லல."

"சொல்லுக்கா."

"கடைசி ஒரு வாரம் அவருக்கு ஆள் தெரியல. என்னப் பாத்து, 'சின்னவளே, வந்துட்டியா'ன்னாரு. 'இல்லப்பா, நான் பெரியவ'ன்னேன். முகம் அப்படியே விழுந்து போச்சு. அன்னிக்கு முழுக்க வாயில ஒண்ணும் வைக்கல. மறுநாளும் கேட்டாரு. சரின்னு, ஆமாப்பா வந்துட்டேன்னு சொல்லிட்டேன். எப்படிச் சிரிச்சாருங்கிறே! கஞ்சி குடிச்சாரு. வழியில குளிருச்சான்னு கேட்டாரு. குளிருச்சுப்பான்னேன். அங்க வேலையெல்லாம் எப்படின்னு கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்? நல்லா போகுதுப்பா, நெறைய பேரப் போடறேன்னு அளந்து விட்டேன்."

தங்கை பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி நாள் காலையில என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. 'நீ அவ்வளவு தூரத்துல இருந்து ஓடி வந்துட்டே. பெரியவ பக்கத்துலயேதான் இருக்கா, ஒரு தடவ எட்டிப் பாக்கலையே. அவளுக்கு நான் என்ன கொற வச்சேன்'னாரு." அக்காவின் குரல் உடைந்தது. "நான்தாம்பா பெரியவ, நான்தான் இருக்கேன்னு கத்தினேன். அவருக்கு ஏறல. அப்படியே போயிட்டாரு. நீ போனதுல இருந்து இருபத்து மூணு வருஷம் அவரோட ஒரே வீட்ல இருந்தேன்டி. எனக்குன்னு ஒண்ணும் பாத்துக்கல. கடைசியில நீதான் அங்க இருந்தே. நான் வரவே இல்ல."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அப்போதுதான் அக்கா என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள்.

"அதக் கழட்டிருங்கண்ணே" என்றாள் மெதுவாக.

கழற்றி, மடித்து அவள் கையில் கொடுத்தேன். பனியனோடு நின்றேன். கீழே போய்விடலாம் என்று கதவை நோக்கி நடந்தபோது தங்கை, "போகாதீங்க அண்ணே" என்றாள். குளியலறைக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். என் கையில் கொடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். அக்காவின் தோளைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"உன் மூஞ்சியில அப்பா மூக்கு இருக்கு, வாய் இருக்கு. கண்ணு மட்டும் என்கிட்டதான்க்கா இருக்கு, எல்லாரும் சொல்வாங்களே. நீ கண்ணாடியில என்னப் பாரு."

"என்னத்துக்குடி?"

"பாரு. திட்டணும்னா திட்டிக்கிட்டே பாரு."

தங்கை கண்ணாடியில் முதலில் அக்காவின் முகத்தைப் பார்ப்பாள். அக்காவைப் பார்த்த அந்தப் பார்வை கலைவதற்குள் தன் கண்ணைப் பார்ப்பாள். உடனே பலகைக்குத் திரும்பி ஒரு கோடு. மறுபடி அக்கா, மறுபடி தன் கண், மறுபடி கோடு. அந்தக் கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் நின்றேன். கை மரத்துப்போயிற்று. அக்கா ஒரு தடவைகூடத் திட்டவில்லை. தங்கை மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லத் தெரியாத பிறவி அவள். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்து எதிர்ச் சுவருக்குப் போகிற வரைக்கும் வரைந்தாள்.

முடிந்ததும் விலகி நின்றாள். அக்கா முன்னால் வந்தாள். கையில் அந்தச் சட்டை இருந்தது. படத்தின் முன் நின்று வெகுநேரம் பார்த்தாள். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள். எங்கே நின்றாலும் அந்தக் கண் அவளைத்தான் பார்த்தது.

"அப்பா இப்படிப் பாத்ததே இல்லடி" என்றாள்.

"தெரியும்க்கா."

"ஆள் தெரியுது. நான்தான்னு தெரியுது. ஆனா இது என்கிட்ட மன்னிப்புக் கேக்கிற மாதிரியில்ல இருக்கு."

தங்கை குனிந்து டர்பன்டைன் துணியை எடுத்தாள். "அழிச்சிடறேன். நாளைக்கு வேற போட்டுத் தரேன்" என்று படத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

அக்கா அந்தக் கையைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

"விடு, இருக்கட்டும்" என்றாள். "கேக்கட்டும்."